தேங்காய்க்கு உயிருண்டா?

அன்புள்ள அண்ணனுக்கு,

மூன்றாம் வகுப்பு படிக்கும் மகளுக்கு எதிர்ச்சொல் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். சூட்டுக்கும் குளிருக்கும் நடுவே இளஞ்சூடு உண்டு, உயிருள்ளதற்கும் உயிரற்றதற்கும் நடுவே எதுவும் கிடையாது என்றேன். உடனே அடுக்களை மூலையில் கிடந்த உரிக்காத தேங்காயைக் காட்டி, "அப்போ அது எதும்மா?" என்றாள். எனக்குப் பதில் தெரியவில்லை. எட்டு வயதுக்கு இதெல்லாம் அதிகமா? இதற்கென்று பயிற்சிப் புத்தகம், செயலி ஏதாவது உண்டா?

ஒரு வாசகி, மார்த்தாண்டம்

அன்புள்ள தங்கைக்கு,

செயலி எதுவும் வேண்டாம். வயதைப் பற்றியும் யோசிக்க வேண்டாம், பிள்ளையே கேட்டுவிட்டாள். ஆனால் சுற்றிலும் தென்னை நிற்கிற ஊரில் இருந்துகொண்டு இதற்குப் பதில் தெரியவில்லை என்று எழுதுகிறீர்களே, அதுதான் எனக்கு வருத்தம்.

எங்கள் விளையில் விதைக்குக் காய் ஒதுக்கும்போது பாட்டா ஒவ்வொன்றாகக் காதருகே பிடித்துக் குலுக்குவார். தண்ணீர் தளும்பும் காய் ஒரு பக்கம், சத்தமில்லாதது மறுபக்கம். கழித்துப் போட்ட ஒன்றை எடுத்துக்கொண்டு போய், "இது செத்துப்போச்சா பாட்டா?" என்று கேட்டேன். "நமக்குத் தெரியாது மக்கா. உயிரு ஒண்ணு இருக்கும், இல்லேன்னா இருக்காது" என்றார்.

தேங்காயின் மூன்று கண்களில் மெத்தென்று இருக்கும் கண்ணுக்குக் கீழே முளைக்கரு இருக்கிறது. அது கெடாதவரை காய்க்கு உயிருண்டு. வெளியே நின்று பார்க்கிற நமக்குத் தெரியவில்லை என்பதற்காக நடுவே மூன்றாவதாக ஒன்று முளைத்துவிடாது. உங்கள் மகளிடம் இதைத்தான் சொல்லியிருக்க வேண்டும்.

இப்படி நடுவே எதுவும் இல்லாத எதிர்ச்சொற்களை அடையாளம் காண 'அல்ல' போட்டுப் பார்த்தால் போதும். 7 இரட்டை எண் அல்ல என்றால் அது ஒற்றை, வேறு வழியே இல்லை. டீ சூடாக இல்லை என்றால் குளிர்ந்துவிட்டது என்று ஆகாது. தொல்காப்பியர் திணையைப் பிரித்ததும் இப்படித்தான். "உயர்திணை என்மனார் மக்கட் சுட்டே, அஃறிணை என்மனார் அவரல பிறவே." மக்கள் அல்லாத அத்தனையும் 'பிற'. இடுக்கில் நுழைய ஈ எறும்புக்குக்கூட இடமில்லை. தொல்காப்பியம் அரங்கேறியபோது அதைக் கேட்டவர் அதங்கோட்டு ஆசான் என்று அதன் முன்னுரையான பாயிரம் சொல்கிறது. அவர் நம் விளவங்கோட்டு அதங்கோட்டுக்காரர் என்று நாம் உரிமை கொண்டாடுகிறோம். கொண்டாடினால் போதுமா, அந்தச் சூத்திரத்தைப் பிள்ளைக்குச் சொல்ல வேண்டாமா?

என் பயம் வேறு. ஒற்றை, இரட்டை எழுதிய அதே பட்டியலில், அதே பெருக்கல் குறி போட்டு, நல்லவன், கெட்டவன் என்றும் எழுதிக் கொடுக்கிறார்கள். பிள்ளை இரண்டையும் ஒரே மாதிரி மனப்பாடம் செய்கிறது. நல்லவன் இல்லையா, அப்படியென்றால் கெட்டவன். நான் ஐந்தாம் வகுப்பில் இருந்தபோது ஓர் ஆசிரியர் எங்களைக் கெட்டிக்காரன் பெஞ்ச், மக்கு பெஞ்ச் என்று இரண்டாகப் பிரித்து உட்கார வைத்தார். வகுப்பில் பாதிக்கு மேல் இரண்டிலும் சேராத பிள்ளைகள். கெட்டிக்காரன் அல்ல என்ற ஒரே காரணத்துக்காக அத்தனை பேரும் மக்கு பெஞ்சுக்குப் போனார்கள். என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவனும் போனான். ஓணம் லீவுக்குப் பிறகு அவன் பள்ளிக்கூடமே வரவில்லை. அவன் பையை எடுத்துக்கொண்டு எழுந்து போனது இன்றைக்கும் என் கண்ணில் நிற்கிறது.

ஆகவே, தங்கையே, பட்டியலை அப்படியே ஒப்பிக்க விடாதீர்கள். ஒவ்வொரு ஜோடிக்கும் 'அல்ல' போட்டு அவளையே கேளுங்கள். 'நல்ல பிள்ளை இல்லை' என்று நீங்கள் கோபத்தில் அவளைச் சொல்லும் நாளிலும் கேளுங்கள்.

அந்தத் தேங்காயை உடைத்துவிட வேண்டாம். அவளே குலுக்கிப் பார்க்கட்டும். தண்ணீர் தளும்பினால் காம்புப் பக்கம் மேலே தெரியும்படி முற்றத்து ஓரத்தில் புதைக்கச் சொல்லுங்கள். முளைவிட மூன்று நான்கு மாதம் ஆகும், தினமும் போய்ப் பார்ப்பாள். முளைத்ததும் எனக்கு எழுதுங்கள். முளைக்காவிட்டாலும் எழுதுங்கள்.

அன்புடன்,
அண்ணன்