கால்வாய்க் கரையில் கார் இல்லாத சாலை: வாசகர் கேள்விகள்

கேள்வி: பாரிஸில் வசிக்கிறேன். வாரக் கடைசியில் ரேசிங் சைக்கிள் ஓட்டுவேன், டயர் 25 மி.மீ. தெற்கு ஃபிரான்ஸில் துலூஸிலிருந்து செத் வரை கனால் து மிதி கால்வாய் ஓரமாகவே நாலு நாளில் போய்விடலாம் என்கிறார்கள். 240 கி.மீ. தான், மேடு பள்ளமும் இல்லை. கிளம்பலாமா?

பதில்: அந்தச் சைக்கிளோடு கிளம்பாதீர்கள். தூரம் உங்களுக்கு ஒரு பொருட்டே இல்லை, தரைதான் படுத்தும். துலூஸிலிருந்து பொர்-லோராகே வரை சுமார் 50 கி.மீ. அருமையான தார்ப்பாதை. அதை நம்பி மேலே போகிறவர்கள்தான் மாட்டிக்கொள்கிறார்கள். ஓட் மாவட்டத்துக்குள் நுழைந்ததும் பல இடங்களில் மண்ணும் சரளையும், சில இடங்களில் ஒரு சக்கரம் போகிற அளவுக்கு ஒற்றையடித் தடமும்தான். சில பகுதிகளைச் சீரமைத்து வருகிறார்கள். பெஸியே பக்கம் மறுபடி கொஞ்ச தூரம் நல்ல தளம் கிடைக்கும். ஆனால் முழு வழியையும் 25 மி.மீ. டயரில் ஓட்ட முடியாது.

1681-ல் திறந்த கால்வாய் இது. கரைப்பாதை படகை இழுத்துப் போன குதிரைகளுக்காகப் போட்டது. நிழலுக்கும் கரையின் பிடிப்புக்கும் நட்ட பிளாட்டான் மரங்களின் வேர்கள் பாதைக்குக் குறுக்கே ஓடுகின்றன. விரல் தடிமனில் தொடங்கி முழங்கைத் தடிமன் வரை, இரண்டு மூன்று அடிக்கு ஒன்றாக வரிசை கட்டி வரும். மர நிழல் புள்ளி புள்ளியாக விழுவதால் கிட்டே போகும்வரை கண்ணுக்குத் தெரியாது. முன்சக்கரம் நேராக ஏறினால் ரிம்மில் அடி. சாய்வாக ஏறினால் சக்கரம் வேரோடு வழுக்கி உங்களைத் தண்ணீர்ப் பக்கம் தள்ளும். மழை பெய்திருந்தால் இன்னும் மோசம். போதாததற்கு, 2006-ல் கண்டுபிடித்த ஒரு பூஞ்சை நோய் இந்த மரங்களை அழித்துக்கொண்டிருக்கிறது. கரையில் நின்ற 42,000 மரங்களில் பெரும்பகுதியை வெட்ட வேண்டியதாயிற்று. வெட்டும் வேலை நடக்கிற இடத்தில் பாதையை மூடி மாற்றுவழி காட்டுவார்கள்.

செத்துக்குத்தான் போக வேண்டும் என்றால் 40 மி.மீ. டயர் போடுங்கள். காற்றழுத்தம் 2.5 முதல் 3 பார் (பம்பில் குறித்திருக்கும் அழுத்த அலகு). ஒரு நாளைக்கு 50, 60 கி.மீ. என்று வைத்துக்கொண்டால் கை வலிக்காது.

ரேசிங் சைக்கிள்தான் உண்டு என்றால் துலூஸிலிருந்து மறுபக்கம், மேற்கே திரும்புங்கள். கரோன் கால்வாய் 193 கி.மீ., காஸ்தே-ஆன்-தோர்த் வரை. கரைப்பாதை ஏறக்குறைய முழுக்கத் தார், காருக்கு இடமே இல்லை. 28 மி.மீ. இருந்தால் நிம்மதி, 25-லும் சமாளிக்கலாம். இங்கேயும் அங்கங்கே வேர் தாரைத் தூக்கியிருக்கும், அதனால் கையை ஹேண்டில்பாரிலிருந்து எடுக்காதீர்கள். முதல் நாள் முவாசாக் (சுமார் 65 கி.மீ.), மறுநாள் ஆஜான் (45). ஆஜானில் கால்வாயே கரோன் ஆற்றின் மேல் 23 வளைவுகள் கொண்ட 539 மீட்டர் கல்பாலத்தில் போகிறது. கீழே ஆறு, பக்கத்தில் படகு, நடுவே நீங்கள். அதை மெதுவாகக் கடந்துவிட்டு, மூன்றாம் நாள் மெய்யான் வரை போகலாம். நாலாம் நாள் லா ரெயோல் பக்கம் கால்வாயை விட்டு வெளியேறி, சோவ்தெர்-த-குயியேன் வரை கிராமச் சாலை. இந்தச் சுமார் 15 கி.மீ.யில்தான் ஏற்றமும் உண்டு, காரும் உண்டு. அதன் பிறகு பழைய ரயில் தடத்தின் மேல் தார் போட்ட ரோஜே லப்பெபி பாதை, போர்தோ வரை சுமார் 57 கி.மீ. 1937 தூர் த ஃபிரான்ஸை வென்றவரின் பெயர் அது.

கேள்வி: கால்வாய் என்றால் சமதளம்தானே? பிறகு ஏன் கியரை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது?

பதில்: தண்ணீர் சமம்தான். ஆனால் அது படிப்படியாகச் சமம். படகை ஒரு மட்டத்திலிருந்து அடுத்த மட்டத்துக்கு ஏற்றி இறக்கும் மதகுத் தொட்டியை எக்லூஸ் என்பார்கள். ஒவ்வொரு எக்லூஸிலும் பாதை இரண்டு மூன்று மீட்டர் உயரத்தைச் சட்டென்று ஏறிவிடும். மிதிக்கும் வேகம் நின்ற பிறகு கியர் மாற்றினால் செயின் கதறும், எக்லூஸ்காரர் வீடு கண்ணில் பட்டதுமே ஒரு கியர் இறக்கிவிடுங்கள். பூர்கோன் கால்வாயில் 242 கி.மீ.க்கு 189 எக்லூஸ் இருக்கிறது, எத்தனை தடவை என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

எக்லூஸைவிட ஆபத்தானது பழைய கல்பாலத்தின் அடிப்பகுதி. பாதை குறுகி, தண்ணீரை ஒட்டி வளைந்து, சில இடத்தில் கருங்கல் பாவியிருக்கும். எதிரே வருபவர் தெரியவே மாட்டார். மணி அடித்து, நடை வேகத்தில் நுழையுங்கள்.

கேள்வி: இரண்டு நாளில் மூன்று பங்சர். ஒரே கடையில் வாங்கிய ட்யூப். ட்யூப் மட்டமா?

பதில்: ட்யூபைக் குறை சொல்லுமுன் ஓட்டையைப் பாருங்கள், காரணத்தை அதுவே சொல்லிவிடும். பக்கத்தில் பக்கத்தில் இரண்டு ஓட்டை இருந்தால் காற்று குறைவு என்று அர்த்தம். வேரில் மோதும்போது டயர் அமுங்கி, ரிம்மின் இரண்டு விளிம்பும் ட்யூபைக் கடித்திருக்கின்றன. பையோடு சேர்த்து எடை கூடியிருப்பதை மறந்து வழக்கமான காற்றிலேயே கிளம்பினால் இதுதான் நடக்கும். 32 மி.மீ. டயருக்கு, சுமை ஏற்றிய சைக்கிளில், 4 முதல் 4.5 பார் வைத்துப் பாருங்கள். அதிக சுமை பின்சக்கரத்தில்தான், அங்கே கொஞ்சம் கூடுதல்.

ஒரே சின்ன ஓட்டை, வெளிப்பக்கம் பார்த்து இருந்தால் முள். இலையுதிர் காலத்தில் கரையோர வேலிச் செடிகளை இயந்திரத்தால் வெட்டுவார்கள், முள்ளெல்லாம் பாதையில் கிடக்கும். ட்யூபை மாற்றிவிட்டு முள்ளை டயரிலேயே விட்டுவிடுவதுதான் இரண்டாவது பங்சருக்குக் காரணம். இதைத் தவிர்க்க ஒரு பழக்கம் செய்துகொள்ளுங்கள். டயரை மாட்டும்போதே அதன் மேல் அச்சிட்ட பெயர் வால்வுக்கு நேராக வரும்படி மாட்டுங்கள். பிறகு பங்சர் ஆனால் ட்யூபில் ஓட்டை வால்விலிருந்து எத்தனை சாண் என்று அளந்து, டயரில் அதே தூரத்தில் இரண்டு பக்கமும் தேடினால் முள் சிக்கிவிடும். விரலை உள்ளே விட்டு வேகமாகத் தடவாதீர்கள், கிழிக்கும். துணியைச் சுற்றி மெதுவாக ஓட்டுங்கள். நூல் மாட்டுகிற இடத்தில் முள் இருக்கும். நகத்தால் வராவிட்டால் வெளியிலிருந்து தள்ளி, உள்ளிருந்து பிடுங்குங்கள்.

உள்பக்கம், அதாவது ரிம் பக்கம் ஓட்டை என்றால் ஸ்போக் துளைகளை மூடும் ரிம் டேப் நகர்ந்திருக்கிறது. அதைச் சரிசெய்யாமல் பத்து ட்யூப் மாற்றினாலும் பயனில்லை. இரண்டு ட்யூப், ஒரு பேட்ச் டப்பா, டயரைக் கழற்ற இரண்டு லெவர், பம்ப் கட்டாயம் வேண்டும். எக்லூஸுக்கு எக்லூஸ் சைக்கிள் கடை கிடையாது.

கேள்வி: 9 வயது மகள், 13 வயது மகனோடு போக ஆசை. சட்டம் என்ன சொல்கிறது? எங்கே தொடங்குவது?

பதில்: மகளுக்கு ஹெல்மெட் சட்டப்படி கட்டாயம். 12 வயதுக்குக் கீழே எல்லாருக்கும் 2017 மார்ச் முதல் இந்த விதி உண்டு, மீறினால் உடன் வரும் பெரியவருக்கு 135 யூரோ அபராதம். மகனுக்குச் சட்டம் இல்லை, ஆனால் வேர் வயது பார்க்காது. மணி, முன்னும் பின்னும் விளக்கு எல்லாச் சைக்கிளுக்கும் வேண்டும். ஊருக்கு வெளியே இருட்டிலோ மூடுபனியிலோ ஓட்டினால் ஒளிரும் மேலாடையும் கட்டாயம். காதில் இயர்போன் கூடாது, அதற்கும் 135 யூரோ.

நடப்பவரும் சைக்கிள்காரரும் சேர்த்து வரைந்த நீலச் சதுரப் பலகை இருந்தால் அது வுவா வெர்த், அதாவது மோட்டார் வண்டி வராத பசுமைப் பாதை. சைக்கிள் மட்டும் வரைந்த நீல வட்டப் பலகை என்றால் அந்தத் தடத்தில்தான் போக வேண்டும், சதுரம் என்றால் விருப்பம்போல. பச்சை விளிம்பிட்ட வெள்ளைப் பலகை வழியைத்தான் காட்டும். அதை நம்பி "கார் வராது" என்று பிள்ளைகளை முன்னே விடாதீர்கள், பாதை கிராமச் சாலையில் போய்ச் சேர்ந்திருக்கலாம். புகழ்பெற்ற லுவார் ஆற்றுப் பாதை 900 கி.மீ.யிலும் நிறைய பகுதி அப்படித்தான்.

தொடக்கத்துக்கு எங்கள் பரிந்துரை பூர்கோனில் ழிவ்ரி முதல் க்ளூனி வரை. 1997-ல் திறந்த, ஃபிரான்ஸின் முதல் பசுமைப் பாதை. பழைய ரயில் தடம் என்பதால் ஏற்றமே தெரியாது, ஓரத்தில் தண்ணீரும் இல்லை. பிள்ளைகள் நேராக ஓட்டப் பழகிய பிறகு கால்வாய்க்குப் போகலாம். அங்கே இன்னொன்றைச் சொல்லிவையுங்கள்: மீன் பிடிப்பவர்கள் பத்து மீட்டர் நீளத் தூண்டிலைப் பின்னால் இழுக்கும்போது அது பாதையைக் குறுக்கே மறிக்கும். தூரத்திலேயே மணி அடித்து, அவர் திரும்பிப் பார்த்த பிறகு கடக்க வேண்டும்.

கேள்வி: காற்று எந்தப் பக்கம் அடிக்கும்?

பதில்: லுவாரில் பெரும்பாலும் மேற்கிலிருந்து. அதனால் கடலிலிருந்து உள்நாட்டை நோக்கி ஓட்டுவது சுகம். துலூஸ்–செத் வழியில் வடமேற்கிலிருந்து செர்ஸ் என்ற காற்று அடித்தால் முதுகில் தள்ளும். தென்கிழக்கிலிருந்து ஓத்தான் என்ற காற்று அடித்தால் முகத்தில்தான், அன்றைக்குத் திட்டமிட்ட தூரத்தில் மூன்றில் ஒரு பங்கைக் குறைத்துவிடுங்கள்.

கேள்வி: வழியில் தண்ணீர், சாப்பாடு? முடியாவிட்டால் திரும்ப ரயில் உண்டா?

பதில்: கல்லறைத் தோட்டங்களின் குழாய்தான் சைக்கிள்காரர்களின் பழைய ரகசியம், ஏறக்குறைய எல்லாக் கிராமத்திலும் உண்டு. "ஓ நோன் பொத்தாபிள்" (குடிக்க உகந்த நீர் அல்ல) என்று எழுதியிருந்தால் குடிக்காதீர்கள். கிராமக் கடைகள் மதியம் 12-க்கு மூடினால் இரண்டு மணி நேரமாவது திறக்காது. ஞாயிறு மதியமும் திங்களும் பல இடங்களில் முழுக்க மூடியிருக்கும், சனிக்கிழமையே ரொட்டி வாங்கிவிடுங்கள். தங்க இடம் தேடும்போது "அக்கேய் வெலோ" பலகை இருக்கிறதா பாருங்கள். பாதையிலிருந்து 5 கி.மீ.க்குள், சைக்கிளைப் பூட்டி வைக்க இடமும் பழுதுபார்க்கும் கருவிகளும் கொடுக்கும் விடுதிகள் அவை.

கரோன் கால்வாயில் ரயில் ஒரு பெரிய வசதி. போர்தோ–துலூஸ் தடம் கால்வாயை ஒட்டியே போகிறது. லா ரெயோல், மார்மான்த், ஆஜான், முவாசாக், மோன்தோபான் என்று எங்கே முடியாமல் போனாலும் ஏறலாம். டி.இ.ஆர். என்ற பிராந்திய ரயிலில் இடம் இருந்தால் சைக்கிளை அப்படியே ஏற்றலாம், கோடையில் சில தடங்களில் முன்பதிவு கேட்பார்கள். அதிவேக ரயிலான டி.ஜி.வி.யில் சக்கரத்தைக் கழற்றி 130-க்கு 90 செ.மீ. பையில் போட்டுவிட்டால் சாமான் மாதிரி கொண்டுபோகலாம். பையில் வைக்குமுன் செயினைப் பல்சக்கரம் மாற்றும் பின்பக்க டெரெய்லரைக் கழற்றித் துணியில் சுற்றி, செயினோடு ஃபிரேமுக்குள் கட்டிவிடுங்கள். சாமான் அடுக்கில் மற்றவர் பெட்டி இடித்து முதலில் வளைவது டெரெய்லரை ஃபிரேமில் மாட்டும் கொக்கிதான். வளைந்த கொக்கியோடு பெரிய பல்சக்கரத்துக்கு கியர் போட்டால் டெரெய்லர் ஸ்போக்கில் மாட்டிக்கொள்ளும். உங்கள் ஃபிரேமுக்கான மாற்றுக் கொக்கி ஒன்றைச் சீட் பையில் வைத்திருங்கள். ஃபிரேமுக்கு ஃபிரேம் அது மாறும், வழியில் எந்தக் கடையிலும் கிடைக்காது.