ஜெபிக்க உட்கார்ந்தால் வாயே வரவில்லை

கேள்வி: என் கணவர் செம்பனைத் தோட்டத்தில் குலை வெட்டுபவர். குலை தோளில் விழுந்து மூன்று மாதமாக வீட்டில் இருக்கிறார். கஷ்டம் வந்தால்தான் விசுவாசம் வளரும் என்று சபையில் சொல்கிறார்கள். எனக்கோ ரோமர் 5-ஐ வாசித்தாலே கோபம் வருகிறது. பின்வாங்கிப் போகிறேனா?
– வாசகி, சுங்கை சிப்புட்

பதில்: இல்லை, சகோதரி. அந்தக் கோபத்தை யாரிடம் கொண்டுபோகிறீர்கள் என்பதைத்தான் பார்க்கவேண்டும்.

கஷ்டம் தானாக யாரையும் வளர்க்காது. ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர்கள் வீட்டில் இருந்தால் கேட்டுப் பாருங்கள். பட்டையில் வெட்டு விழாமல், பால் பிடிக்கும் மங்கில் ஒரு சொட்டும் விழாது. ஆனால் கத்தி ஒரு மில்லிமீட்டர் ஆழம் கூடிப்போய் கட்டையை ஒட்டிய வளரும் படலத்தைத் தொட்டால் மரம் காயப்படும். புதுப்பட்டை முண்டும் முடிச்சுமாக வரும், பிறகு அந்தப் பக்கம் கத்தி ஓடாது. ரோமர் 5-ல் பவுலும் உபத்திரவத்திலிருந்து நேரே நம்பிக்கைக்குத் தாவவில்லை. நடுவில் பொறுமை, பரீட்சை என்று இரண்டு படி வைக்கிறார். அந்தப் 'பரீட்சை' கேள்வித்தாள் அல்ல; கிரேக்கத்தில் 'டொக்கிமே', அதாவது புடத்தில் தேறியது என்று தெரிந்த நிலை. அதற்கு நாள் பிடிக்கும். மூன்றாம் மாதத்திலேயே கடைசிப் படியில் நிற்கச் சொல்கிறவர்கள் உங்களை அவசரப்படுத்துகிறார்கள்.

இன்று இரவு சங்கீதம் 13-ஐத் திறந்துகொள்ளுங்கள். ஆறே வசனம், பத்து நிமிடம் போதும். முதல் இரண்டு வசனத்தில் 'எதுவரைக்கும்' என்று நான்கு தடவை வருகிறது. ஒவ்வொரு தடவையும் நிறுத்தி உங்களுடையதைச் சொல்லுங்கள்: கடைக்கணக்கு, எக்ஸ்ரே தேதி, தோள்வலியில் அவர் புரண்டு படுக்கும் சத்தம். வீட்டுத் தமிழே போதும், வாய்விட்டுச் சொல்லுங்கள். 3, 4 விண்ணப்பம். அங்கே ஒரே ஒரு காரியத்தைக் கேளுங்கள். பத்தைக் கேட்டால் எதற்குப் பதில் வந்தது என்றே தெரியாமல் போகும். 5, 6 நம்பிக்கை. அது வராத நாளில் நான்காம் வசனத்தோடு மூடிவிடலாம். சங்கீதம் 88 கடைசிவரை இருட்டிலேயே முடிகிறது, அதுவும் வேதத்தில்தான் இருக்கிறது.

பலரும் தவறுவது எங்கே தெரியுமா? நேராக ஐந்தாம் வசனத்துக்குப் போய்விடுவார்கள். கர்த்தரிடம் சொல்லாத முதல் இரண்டு வசனமும் உள்ளே புளித்து, பிள்ளைகள்மேல் எரிச்சலாக வெளியே வரும். 'சுகமானால் இதைச் செய்கிறேன்' என்ற பொருத்தனையும் இப்போது வேண்டாம்.

தேவனைச் சார்ந்திருப்பது நாள்கணக்கு. வனாந்தரத்தில் இஸ்ரவேலருக்குக் கிடைத்த மன்னா என்ற உணவு, நாளுக்குத் தலைக்கு ஒரு ஓமர் அளவு. விடியும்வரை எடுத்துவைத்தது புழுத்து நாறியது. நாளைக்கான பலம் இன்றைக்கு வராது, அதைக் குறைவென்று எண்ணாதீர்கள். பவுல் தன்னை வருத்திய, 'முள்' என்று அவரே சொன்ன உபாதை நீங்க மூன்று தரம் வேண்டினார். முள் நீங்கவில்லை, 'என் கிருபை உனக்குப்போதும்' என்ற வார்த்தை வந்தது. சூரைச்செடியின் கீழ் சாகக் கேட்ட எலியா தீர்க்கதரிசிக்குத் தூதன் முதலில் கொடுத்தது பிரசங்கமா? சுட்ட அடையும் தண்ணீரும், இரண்டு தடவை. இடையில் தூக்கம். நீங்களும் நேரத்துக்குச் சாப்பிட்டுத் தூங்குங்கள்.

சொக்சோ (மலேசியத் தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனம்) விண்ணப்பத்தையும் விசுவாசத்தின் பெயரால் தள்ளிப்போடாதீர்கள். வேலை விபத்தில் டாக்டர் கொடுத்த எம்.சி. (மருத்துவ விடுப்புச் சான்று) நான்கு நாளுக்குக் குறையாமல் இருந்தால், சம்பளக் கணக்கில் 80 விழுக்காடு தற்காலிக இயலாமைத் தொகை உண்டு. எம்.சி. தாள் ஒன்றையும் தொலைக்காமல் ஒரு ஃபைலில் வையுங்கள். சட்டவிரோதமாக வட்டிக்கு விடும் ஆலோங்கிடம் மட்டும் போகவேண்டாம்.

கேள்வி: இப்படிப்பட்ட வீட்டுக்குப் போனால் என்ன சொல்லி ஆறுதல்படுத்துவது?
– வாலிபர் ஐக்கியம், அதே ஊர்

பதில்: கொஞ்சமாகப் பேசுங்கள். யோபுவின் சிநேகிதர் ஏழு நாள் இரவும் பகலும் பேசாமல் உட்கார்ந்திருந்தவரை நல்லவர்களாகவே இருந்தார்கள். வாய் திறந்து காரணம் சொல்ல ஆரம்பித்ததுதான் கர்த்தருடைய கோபத்தில் போய் முடிந்தது (யோபு 42:7). இருபது நிமிடத்துக்கு மேல் உட்காராதீர்கள். 'ஏதாவது வேணும்னா சொல்லுங்க' என்றால் யாரும் சொல்லமாட்டார்கள். 'வியாழக்கிழமை ஆஸ்பத்திரிக்கு நான் காரில் ஏற்றிப்போகிறேன், ஏழு மணிக்கு வாசலில் நிற்கிறேன்' என்று சொல்லுங்கள். ஏழுக்குப் போய் நில்லுங்கள்.