தண்ணீரைச் சோதித்தால் போதுமா?

கேள்வி: கடலோரத்தில் ஆலைகள் மளமளவென்று பெருகுகின்றன. கடல்நீரில் உலோகம் குறைவுதான் என்கிறார்கள். அப்படியானால் மீனை நம்பிச் சாப்பிடலாமா?

பதில்: தண்ணீரை மட்டும் பார்த்துவிட்டு சரி என்று சொல்லிவிட முடியாது. ஈயம், பாதரசம் மாதிரி உலோகங்கள் நீரில் அதிக நாள் மிதந்துகொண்டிருக்காது. ஆறு கடலில் கலக்கும் இடத்தில் உப்பு ஏற ஏற நுண்ணிய மண்துகள்களோடு ஒட்டி அடியில் படிந்துவிடும், அதனால் சேற்றையும் சோதித்தார்களா என்று கேளுங்கள். துறைமுகத்துக்காக ஆழப்படுத்தும்போது பழைய சேறு கிளறப்பட்டு, அடங்கிக் கிடந்தது மறுபடி மேலே வரும். (இதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்!)

பாதரசம் இன்னும் மோசம். சேற்றிலுள்ள பாக்டீரியாக்கள் அதை மெத்தில் பாதரசம் என்ற, உடலில் எளிதில் சேரும் நச்சுச் சேர்மமாக்கும், அப்புறம் சின்ன மீனிலிருந்து பெரிய மீனுக்குப் போகப் போக அளவு கூடிக்கொண்டே போகும். ஜப்பானின் மினமாட்டாவில் 1956-ல் வெளிப்பட்ட நோய்க்கு ஆலைக்கழிவில் வந்த இந்த மெத்தில் பாதரசம்தான் காரணம். சமைத்தாலும் போகாது. மீனையே விட வேண்டாம். சுறா மாதிரி பெரிய மீன்களை, முக்கியமாகக் கர்ப்பிணிகளும் குழந்தைகளும், தவிர்க்கலாம். காட்மியம் என்ற இன்னொரு நச்சு உலோகத்துக்கு மட்டி, சிப்பி, நண்டின் குடல்பகுதி ஆகியவற்றைத்தான் கவனிக்க வேண்டும்.