புதுக் கோலம் எங்கிருந்து வரும்? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: மார்கழி வந்தால் எங்கள் தெருவில் ஆளுக்கொரு பெரிய கோலமாகப் போட்டு அசத்துகிறார்கள். எனக்கும் கை நன்றாக ஓடும், ஆனால் புதிதாக எதுவும் தோன்றுவதில்லை. நோட்டில் இருப்பதையோ போனில் வருவதையோ பார்த்துத்தான் போடுகிறேன். எனக்குக் கற்பனையே கிடையாதோ அக்கா? – வாசகி, கும்பகோணம்

பதில்: பார்த்துப் போடுவதில் ஒரு குறைவும் இல்லைம்மா, முதலில் அந்த எண்ணத்தை விடுங்கள். அம்மா கையைப் பார்த்தோ எதிர்வீட்டு வாசலைப் பார்த்தோதான் எல்லாரும் பழகினோம். வீட்டுக்கு வீடு இருக்கிற கோல நோட்டுகளும் ஒருவரிடமிருந்து ஒருவர் இரவல் வாங்கி வரைந்துகொண்டவைதானே.

ஒன்று செய்து பாருங்கள். 5 நேர்ப்புள்ளி, 5 வரிசை வைத்து உங்களுக்கு அத்துப்படியான ஒரு சிக்குக் கோலத்தை (புள்ளிகளைச் சுற்றிக் கோடு வளைந்து ஓடுகிற கோலம்)க் காகிதத்தில் பென்சிலால் போடுங்கள். அதே புள்ளிகளைப் பக்கத்தில் இன்னொரு தடவை வைத்து, இந்த முறை இரண்டு கோடுகள் ஒன்றை ஒன்று வெட்டுகிற ஓர் இடத்தில் மட்டும் வெட்டாமல் ஆளுக்கொரு பக்கமாக வளைத்து விடுங்கள். தனித்தனியாக ஓடிய இரண்டு இழைகள் அங்கே ஒன்றாகிவிடும், இல்லை ஒரே இழையாக ஓடியது இரண்டாகப் பிரியலாம். அதே மாற்றத்தை நான்கு பக்கமும் செய்தால் நீங்களே பார்க்காத ஒரு கோலம் கண் முன்னால் இருக்கும். அப்புறம் இடுக்குப் புள்ளிக்குப் போங்கள், அதாவது ஒரு வரிசையின் இரண்டு புள்ளிகளுக்கு நடுவே அடுத்த வரிசைப் புள்ளி வருவது. நடு வரிசையில் 7 வைத்து இருபக்கமும் 4-ல் முடிப்பது போதும், பெரிதாக வேண்டாம். தாம்பரம் கிறிஸ்தவக் கல்லூரியில் இருந்த கிஃப்ட் சிரோமணியும் உடன் ஆய்வு செய்தவர்களும் 1970களிலேயே கோலங்களைக் கணினி அறிவியலின் இலக்கண விதிகளாக, அதாவது ஒரு வடிவத்தைப் படிப்படியாகக் கட்டும் விதிகளாக, எழுதிக் காட்டியிருக்கிறார்கள். தினமும் காலையில் யோசிக்காமல் நீங்கள் போடுகிற வளைவுக்குள் அவ்வளவு கணக்கு இருக்கிறது, அதை வைத்திருக்கிற கைக்குக் கற்பனை இல்லை என்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

தெருவிலேயே பெரிய கோலம் உங்களுடையதாக இருக்க வேண்டும் என்பதில்லை. கார்த்திகையிலேயே ஒரு நோட்டும் பென்சிலும் அடுப்படியில் வைத்துக்கொள்ளுங்கள், பால் காய்கிற நேரத்தில் நாலு புள்ளி வைத்துப் பார்க்கலாம்.

கேள்வி: வயர் கூடை பின்னப் பழகிவிட்டேன். சிவன் கண், நெல்லிக்காய் என்று இரண்டு முடிச்சு வகையும் வரும். ஆனால் நிறம் சேர்க்கத் தெரியவில்லை, கடையில் நின்றால் குழம்பிப்போய்க் கடைசியில் நீலமும் வெள்ளையுமே வாங்கி வருகிறேன். – வாசகி, திண்டுக்கல்

பதில்: பீரோவைத் திறந்து பட்டுப்புடவைகளை எடுங்கள். உடம்பு என்ன நிறம், கரை என்ன நிறம் என்று பாருங்கள். அரக்குக்குப் பச்சை, மாம்பழ மஞ்சளுக்குச் சிவப்பு, கிளிப்பச்சைக்குக் கத்தரிப்பூ நிறம், இதையெல்லாம் நெசவுக்காரர்கள் தலைமுறை தலைமுறையாகச் சேர்த்துப் பார்த்து நமக்குக் கொடுத்திருக்கிறார்கள். பிடித்த புடவையைப் போனில் படம் பிடித்துக்கொண்டு கடைக்குப் போங்கள். அளவையும் புடவை மாதிரியே வைத்துக்கொள்ளலாம்: உடம்பு நிறம் நிறைய, கரை நிறம் கொஞ்சம். இரண்டையும் சரிபாதி எடுத்தால் எது முன்னால் தெரிய வேண்டும் என்று கண்ணுக்குப் பிடிபடாது. புது ஜோடி என்றால் முதலில் சின்னதாக ஒரு டிபன் பாக்ஸ் கூடை போட்டுப் பாருங்கள், பிடிக்காவிட்டாலும் வயர் அதிகம் வீணாகாது.

முடிச்சைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஒரு வரிசையை இறுக்கியும் அடுத்ததைத் தளர்த்தியும் போட்டால் கூடை ஒரு பக்கமாகச் சாயும். கோபமாக இருக்கிற நாளில் கை தானாக இறுகும், அன்றைக்குக் கூடையை ஓரமாக வைத்துவிடுங்கள்.

கேள்வி: நான் பின்னுகிற கூடைகளைப் பார்த்துவிட்டு எல்லாரும் விற்கச் சொல்கிறார்கள். எனக்கும் ஆசைதான், ஆனால் ஆர்டர் வந்தால் இப்போது இருக்கிற சந்தோஷம் போய்விடுமோ என்று பயம். – வாசகி, சேலம்

பதில்: பயம் நியாயமானது. 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தித் தூக்கியெறியும் பிளாஸ்டிக் பைகளுக்குத் தடை வந்தது, காய்கறி வாங்கக் கூடை கொண்டுபோகிற வழக்கத்துக்கு இன்னொரு காரணம் கிடைத்தது, அதனால் வாங்க ஆள் இருப்பார்கள். ஆனால் வாங்க வருகிற பலர் வயர் விலையை மட்டும் கணக்குப் பார்ப்பார்கள், உங்கள் சாயங்காலங்களைக் கணக்கில் எடுக்க மாட்டார்கள். எத்தனை மணி நேரம் ஆகிறது என்று முதலில் எழுதி வையுங்கள், கூலி சேர்த்து விலை சொல்லுங்கள், அந்த விலைக்கு வேண்டாம் என்பவரிடம் சிரித்த முகமாக வேண்டாம் என்றே விட்டுவிடுங்கள். மாதத்துக்கு இத்தனைதான் என்று நீங்களே ஒரு எண்ணை வைத்துக்கொள்ளுங்கள். இன்னொன்றையும் கட்டாயமாக வைத்துக்கொள்ள வேண்டும் என்பேன்: யாரும் கேட்காத, உங்களுக்குத் தோன்றிய நிறத்தில் ஒரு கூடை எப்போதும் மடியில் பாதி பின்னலில் இருக்கட்டும். அதை யார் எவ்வளவு கொடுத்துக் கேட்டாலும் ஆர்டரில் சேர்க்காதீர்கள்.

கேள்வி: எட்டாவது படிக்கிற என் மகன் குரோஷா (கொக்கி ஊசியால் நூல் பின்னுவது) கற்றுக்கொள்ள வேண்டும் என்கிறான். வீட்டில் பெரியவர்கள் அது பெண் பிள்ளைகள் வேலை என்கிறார்கள். – வாசகர், மதுரை

பதில்: உங்கள் ஊர் பூச்சந்தைப் பக்கம் பெரியவர்களையும் அவனையும் ஒருமுறை கூட்டிப்போங்கள் சார். மாலை கட்டுகிற ஆண்களின் விரல் வேகத்தைப் பார்க்கட்டும். காஞ்சிபுரத்தில் தறியில் உட்கார்ந்திருப்பவர்களிலும் ஆண்கள் உண்டு. அவனுக்குச் சற்றுத் தடிமனான ஊசியும் வெளிர் நிறக் கம்பளி நூலும் வாங்கிக் கொடுங்கள், கறுப்பு நூலில் பின்னலின் கண் தெரியாது, ஆரம்பத்திலேயே சலித்துப் போகும். முதலில் சங்கிலிப் பின்னல் மட்டும் போதும், அது ஒரே சீராக வந்த பிறகு தாத்தாவின் கண்ணாடிக்கு ஒரு உறை பின்னச் சொல்லுங்கள்.