எடிசனில் எந்த நடுநிலைப் பள்ளி? அம்பாசமுத்திரத்துத் தம்பிக்கு

தம்பி, நிறுவனம் உங்களை நியூ ஜெர்சிக்கு அனுப்புவதாகவும், ஐந்தாம் வகுப்பை முடிக்கும் மகளை அங்குள்ள எடிசன் என்ற ஊரின் நான்கு அரசு நடுநிலைப் பள்ளிகளில் எதில் சேர்ப்பது என்று புரியவில்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள். கூடவே வாடகை, கார், மளிகை பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். வாடகையையும் காரையும் உடன் வேலை பார்ப்பவர்கள் சொல்லிவிடுவார்கள். இட்லி அரிசியும் நல்லெண்ணெயும் ஓக் ட்ரீ சாலையில் கிடைக்கும். பள்ளியைப் பற்றித்தான் விரிவாக எழுத வேண்டும். அந்த விஷயத்தில்தான் நம்மவர்கள் புதிதாக வருபவர்களை அதிகம் குழப்புகிறார்கள்.

விடுமுறைக்குப் பாளையங்கோட்டைக்கு வந்திருக்கிறேன். மேலப்பாளையத்திலிருந்தும் தச்சநல்லூரிலிருந்தும் வேனிலும் ஆட்டோவிலும் பிள்ளைகள் இங்கே வந்து படிப்பதைப் பார்த்தே வளர்ந்த நமக்கு, பள்ளி என்பது விண்ணப்பம் வாங்கி நாம் தேர்ந்தெடுப்பது. எடிசனில் அப்படியன்று, நீங்கள் குடியிருக்கும் வீட்டு முகவரிதான் பள்ளியைத் தீர்மானிக்கும். அங்கே அரசுப் பள்ளிகளை நடத்தும் பள்ளி மாவட்டம் என்பது நம் ஆட்சியர் மாவட்டம் போன்றதன்று. அந்த ஒரே ஊருக்கானது, பெரும்பாலும் அவ்வூரின் வீட்டு வரியை நம்பி நடப்பது. நடுநிலைப் பள்ளியில் ஆறு, ஏழு, எட்டு ஆகிய மூன்று வகுப்புகளே உண்டு. ஜான் ஆடம்ஸ், உட்ரோ வில்சன் பள்ளிகளின் பிள்ளைகள் ஜே.பி. ஸ்டீவன்ஸ் உயர்நிலைப் பள்ளிக்கும், ஹெர்பர்ட் ஹூவர், தாமஸ் ஜெபர்சன் பள்ளிகளின் பிள்ளைகள் எடிசன் உயர்நிலைப் பள்ளிக்கும் போவார்கள். ஆகவே வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்திடுமுன், அந்த வீட்டு எண் எந்தப் பள்ளிக்கு உரியது என்று பள்ளி மாவட்ட அலுவலகத்திலேயே கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்; தரகர் சொல்வதை நம்பாதீர்கள். நண்பர் வீட்டு முகவரியைக் கொடுத்துச் சேர்க்கலாம் என்று யாராவது யோசனை சொன்னால் அந்தப் பேச்சையே வளர்க்காதீர்கள். கண்டுபிடித்துவிட்டால், தகுதியின்றிப் படித்த காலத்துக்குரிய கட்டணத்தைப் பெற்றோரிடம் வசூலிக்க அம்மாநிலச் சட்டம் இடம் தருகிறது.

அடுத்தது, வீட்டு விளம்பரத் தளங்களில் பள்ளியின் பெயரருகே பத்துக்கு இத்தனை என்று காணப்படும் மதிப்பெண். அந்த ஓர் எண்ணுக்காக வீடு மாறிய குடும்பங்களை நான் அறிவேன். அந்த மதிப்பெண்ணில் சேரும், தேர்வில் தேறியவர் விகிதம் பெற்றோரின் வருமானத்தோடு சேர்ந்தே ஏறி இறங்கும் என்பதால், அதை வைத்து ஆசிரியர்களின் உழைப்பை அளந்துவிட முடியாது. மாநிலக் கல்வித் துறை ஒவ்வொரு பள்ளிக்கும் ஆண்டுதோறும் வெளியிடும் செயல்திறன் அறிக்கையைப் படியுங்கள். அதில் மாணவர் வளர்ச்சி என்று 1 முதல் 99 வரையில் ஓர் எண் இருக்கும். முன்பு இதே அளவு மதிப்பெண் பெற்ற மற்றப் பிள்ளைகளோடு ஒப்பிட்டால் இந்தப் பள்ளிப் பிள்ளைகள் எவ்வளவு முன்னேறினார்கள் என்பதை அது காட்டும். பத்து விழுக்காட்டு நாட்களோ அதற்கு மேலோ வராத பிள்ளைகள் எத்தனை பேர் என்பதையும் பாருங்கள். இவற்றையெல்லாம் விட்டுவிட்டு, "அந்தப் பள்ளியில் யார் யார் பிள்ளைகள் படிக்கிறார்கள் தெரியுமா" என்று தோலின் நிறத்தைப் பார்த்துப் பள்ளியை எடைபோடும் நம்மவர்களைக் கண்டால் எனக்குக் கோபம் வருகிறது. அந்த நாட்டில் நாமும் வந்தேறிகள்தாமே?

உண்மையில் நீங்கள் கவலைப்பட வேண்டியது கணக்கு வகுப்பைப் பற்றி. எட்டாம் வகுப்பில் அல்ஜீப்ரா படிக்கும் பிள்ளை, வழக்கமான வரிசையில் போனால் பன்னிரண்டாம் வகுப்பில் கால்குலஸுக்கு வந்துவிடும். ஒன்பதில் தொடங்கும் பிள்ளை அதற்கு முந்தைய படியிலேயே பள்ளியை முடிக்கும். அந்தப் பாதை பெரும்பாலும் ஆறாம் வகுப்பிலேயே பிரிகிறது. நாங்கள் முதலில் குடியிருந்தது வேறோர் ஊர். ஜனவரிக் குளிரில் போய் இறங்கினோம். இங்கிருந்து கொண்டுபோன மதிப்பெண் பட்டியல் அங்கே எவருக்கும் புரியவில்லை, சோதித்துப் பார்க்காமலேயே மகனைக் கீழ்நிலைக் கணக்கு வகுப்பில் உட்கார வைத்துவிட்டார்கள். பாடத்திட்டத்தை ஆங்கிலத்தில் எழுதி எடுத்துக்கொண்டு பள்ளி ஆலோசகரைப் பார்த்து, தேர்வு வைக்கச் சொல்லிக் கேட்டேன், வைத்தார்கள், மாற்றினார்கள். கேட்டால்தான் நடக்கும், தம்பி. கேட்பதை அங்கே யாரும் மரியாதைக் குறைவாக நினைப்பதில்லை.

அவனை அதைவிட வாட்டியது பூட்டுதான். இங்கே பிள்ளைகள் ஒரே பெஞ்சில் இருப்பார்கள், ஆசிரியர்கள் மாறி மாறி வருவார்கள். அங்கே மணியடித்ததும் பிள்ளைகள்தான் வகுப்பு வகுப்பாக ஓட வேண்டும். இடையிலுள்ள சில நிமிடங்களுக்குள் எண்பூட்டை வலம், இடம், வலம் என்று திருப்பி, புத்தகம் வைக்கும் தன் அலமாரியைத் திறக்க வராததால், முதல் வாரம் முழுவதும் எல்லாப் புத்தகங்களையும் தோளில் சுமந்தே அலைந்தான். அதேபோல் ஒரு பூட்டை வாங்கிவந்து சாப்பாட்டு மேசையில் வைத்துப் பழக்கினேன். பிறகு பக்கத்து அலமாரிப் பையனுக்கு இவனே திறந்து கொடுத்தான்.

வீட்டில் பேசும் மொழி எது என்று சேர்க்கையின்போது கேட்பார்கள். ஆங்கிலம் என்று எழுதச் சொல்லும் நம்மவர்கள் உண்டு. நீங்கள் தமிழ் என்றே எழுதுங்கள். மகளின் ஆங்கிலத்தைச் சோதிப்பார்கள், தேவையென்றால் தனியே கற்பிப்பார்கள். ஆங்கிலம் அறியாத பிள்ளைகளுக்கு உதவுவது பள்ளி மாவட்டத்தின் கடமை என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 1974இலேயே தீர்ப்பளித்திருக்கிறது.

புறப்படுமுன் தடுப்பூசி விவரத்தைத் தேதிவாரியாக ஆங்கிலத்தில் எழுதி, மருத்துவரின் கையெழுத்தும் முத்திரையும் வாங்கிக்கொள்ளுங்கள். பதினொரு வயது நிறைந்து ஆறாம் வகுப்பில் சேரும் பிள்ளைக்கு டிடாப் ஊசியும் (ரண ஜன்னி, தொண்டை அடைப்பான், கக்குவான் மூன்றுக்குமானது) மெனிங்கோகாக்கல் எனும் மூளையுறைக் காய்ச்சல் தடுப்பூசியும் நியூ ஜெர்சியில் கட்டாயம். இங்கே பத்து வயதில் அரசு போடும் டிடி ஊசியில் கக்குவான் தடுப்பு கிடையாது, ஆகவே அது டிடாப்புக்கு ஈடாகாது. இரண்டும் கிடைக்குமா என்று திருநெல்வேலியில் குழந்தை மருத்துவரிடம் இந்த வாரமே விசாரித்துவிடுங்கள்.