கடைசி வரிசைக்குக் கேட்கிற அரங்கம்

வணக்கம் சார்,

போன மாதம் என் மகளுக்குக் கல்லூரியில் பட்டமளிப்பு விழா. உசிலம்பட்டியிலிருந்து காலை பஸ்ஸில் நானும் வீட்டுக்காரரும் போனோம். பெற்றோருக்குக் கடைசி நான்கு வரிசை. மைக்கில் பேசியது கொழகொழவென்று காதில் விழுந்ததே தவிர, ஒரு சொல் புரியவில்லை. மகள் பெயரைக் கூப்பிட்டதும் தெரியவில்லை. மேடையில் நடந்த நடையை வைத்துத்தான் அவள் என்று கண்டுகொண்டோம். "சர்டிபிகேட்டைத் தபாலில் அனுப்பினால் போதாதா, இதற்கு எதற்கு இவ்வளவு பெரிய மண்டபம்?" என்று கேட்கிறார் இவர். மதுரைப் பல்கலைக்கழகத்து மு.வ. அரங்கத்தைப் பற்றி நீங்கள் அடிக்கடி சொல்வீர்களே, அதனால் உங்களிடம் கேட்கிறேன்.

ஒரு வாசகி, உசிலம்பட்டி

அன்புள்ள அம்மா,

நடையை வைத்து மகளைக் கண்டுபிடித்தோம் என்று எழுதியிருந்தீர்கள். அந்த வரியைத் தாண்ட எனக்குக் கொஞ்ச நேரம் ஆனது. இருபது வருடம் வளர்த்தவர்களுக்கு அந்தப் பெயர் மைக்கில் ஒலிப்பதைக் கேட்கும் உரிமை இருக்கிறது. அரங்கம் கட்டுவதே அதற்காகத்தான் என்பேன்.

முதலில் மு.வ. அரங்கம். சென்னைப் பல்கலைக்கழகத்தின் கிளை மையமாக இருந்ததுதான் 1966இல் மதுரைப் பல்கலைக்கழகம் ஆனது. காமராசர் பெயர் 1978இல் சேர்ந்தது. தெ.பொ.மீனாட்சிசுந்தரனாருக்கு அடுத்து 1971இல் துணைவேந்தராக வந்தவர் மு.வரதராசனார். 1974 அக்டோபரில் பதவியில் இருக்கும்போதே காலமானார். நாகமலைப் பக்கம் பல்கலை நகரில் இருக்கும் அரங்கத்துக்கு அவர் பெயர். அங்கே ஆளுநர் கையால் நேரில் பட்டம் வாங்குகிறவர்கள் முனைவர்களும் பதக்கக்காரர்களும்தான். மற்றவர்களுக்கு உங்கள் மகளுக்கு நடந்தது மாதிரி கல்லூரியிலேயே விழா.

என் அண்ணன் முனைவர் பட்டம் வாங்கிய அன்று அப்பா, அம்மா, நான் மூன்று பேரும் அங்கே போயிருந்தோம். அப்பா வயலுக்குப் போகிறவர். புது வேட்டி மடிப்புக் கலையாமல் இருக்க நாற்காலி நுனியிலேயே உட்கார்ந்திருந்தார். அண்ணன் பெயருக்கு முன்னால் அப்பாவின் இனிஷியலைச் சொன்னார்கள். அப்பா சட்டென்று எழுந்து நின்றுவிட்டார், தன்னைக் கூப்பிட்டதாக நினைத்து. பின்னால் இருந்தவர் ஒன்றும் சொல்லவில்லை. தபாலில் வந்த சான்றிதழுக்கு அப்பா எழுந்து நின்றிருப்பாரா?

அதே அரங்கத்தில் பிறகு கருத்தரங்கு கேட்டிருக்கிறேன், கல்லூரிப் பிள்ளைகள் ஒயிலாட்டம் ஆடியதையும் பார்த்திருக்கிறேன். ஆனாலும் எனக்கு அரங்கம் என்றால் அப்பா எழுந்து நின்ற அந்த நிமிஷம்தான்.

சரி, உங்களுக்கு ஏன் கேட்கவில்லை? பள்ளிப் பாடத்தில் எதிர்முழக்கம் என்று படித்திருப்பீர்கள். பேசிய சொல் வெறுஞ்சுவரிலும் கூரையிலும் மோதி மோதித் திரும்புகிறது. அது அடங்குவதற்குள் அடுத்த சொல் வந்து ஏறிக்கொள்கிறது. 1895இல் அமெரிக்காவில் ஹார்வர்டு பல்கலைக்கழகம் புதிதாகக் கட்டிய விரிவுரை அரங்கிலும் இதே தொல்லை. அங்கே பேசிய சொல் அடங்க ஐந்தரை வினாடி ஆனது. சரிசெய்யச் சொல்லி வாலஸ் சபைன் என்ற இளம் இயற்பியல் ஆசிரியரிடம் விட்டார்கள். அவர் பக்கத்து நாடக அரங்கிலிருந்து இருக்கை மெத்தைகளை ராத்திரியில் தூக்கிவந்து அடுக்கி, ஒவ்வொரு முறையும் ஒலி எவ்வளவு நேரத்தில் அடங்குகிறது என்று அளந்தார். விடிவதற்குள் மெத்தைகளைத் திருப்பிக் கொண்டுபோய் வைக்க வேண்டும். அரங்க ஒலிக்கு இன்றும் போடுகிற கணக்கு அந்த ராத்திரிகளில் பிறந்தது.

மெத்தை மட்டுமல்ல, மனுஷ உடம்பும் உடுத்திய துணியும் ஒலியை உறிஞ்சும். இங்கேதான் நம் ஊர்களில் தவறுகிறார்கள். முதல் நாள் சாயங்காலம் காலி மண்டபத்தில் "ஹலோ, மைக் டெஸ்ட்டிங்" சொல்லி, கணீரென்று கேட்கிறது என்று ஒலியளவை வைத்துவிட்டுப் போய்விடுவார்கள். மறுநாள் ஆயிரம் பேர் உட்கார்ந்ததும் கணக்கே மாறிவிடும். ஃபேன் சத்தம் வேறு. பின்வரிசைக்குக் கேட்கவில்லை என்று சத்தத்தைக் கூட்டினால் இரைச்சலும் சேர்ந்து கூடுகிறது.

இன்னொன்று, பின்னால் வைக்கிற ஸ்பீக்கர். ஒலி வினாடிக்குச் சுமார் 340 மீட்டர் போகும். மேடைப் பக்கத்து ஸ்பீக்கரின் ஒலி 34 மீட்டர் தள்ளி இருக்கிற உங்களிடம் வர வினாடியில் பத்தில் ஒரு பங்கு ஆகும். உங்கள் பக்கத்து ஸ்பீக்கரோ அதற்கு முன்பே பேசிவிடுகிறது. ஒரே பெயர் இரண்டு தடவை, ஒன்றின்மேல் ஒன்றாக. நீங்கள் சொன்ன கொழகொழ இதனாலும் இருக்கலாம். பின் ஸ்பீக்கரை அந்த அளவுக்குத் தாமதப்படுத்த, மைக் ஒலியைக் கூட்டிக் குறைக்கிற டிஜிட்டல் மிக்ஸர் பெட்டியில் பெரும்பாலும் வசதி இருக்கும். சவுண்டு சர்வீஸ் தம்பிகளிடம் சொன்னால் ஐந்து நிமிஷ வேலை.

அதனால் மண்டபம் வேண்டாம் என்று உங்கள் வீட்டுக்காரர் சொல்வதை நான் ஒப்பமாட்டேன். ஆனால் அவருக்கு வந்த கோபம் நியாயமானது. இரண்டு பேருமாகக் கல்லூரி முதல்வருக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். பின்சுவரில் கனத்த துணித்திரை தொங்கவிடச் சொல்லுங்கள். அடுத்த வருடம் ஒத்திகை அன்று பிள்ளைகளை நாற்காலி நிறைய உட்காரவைத்து, ஃபேன் எல்லாம் ஓடவிட்டு மைக்கைச் சோதிக்கட்டும். அப்போது முதல்வர் மேடையில் நிற்க வேண்டாம். நீங்கள் உட்கார்ந்திருந்த அந்தக் கடைசி வரிசையில் உட்கார்ந்து, பத்துப் பெயரைக் கூப்பிடச் சொல்லிக் கேட்கட்டும்.