சாப்பாட்டுக்குப் பணம் வருகிறது, சம்பளத்துக்கு வருவதில்லை

தொண்டு நிறுவனங்களின் வருமானம் குறித்து அண்மையில் வந்த கடிதங்களில் நான்கிற்கு இந்த இதழில் பதில் தருகிறேன்.

கேள்வி: மாற்றுத்திறன் குழந்தைகளுக்கான பகல்நேர மையம் ஒன்றைப் பதினாறு ஆண்டுகளாக நடத்தி வருகிறோம். 42 குழந்தைகள், 9 பணியாளர்கள். செலவில் முக்கால் பங்கை ஒரு வெளிநாட்டு நிறுவனம் தந்துவந்தது. வரும் மார்ச்சோடு நிறுத்திக்கொள்வதாக எழுதிவிட்டார்கள். மதியச் சாப்பாட்டுக்கு உள்ளூர் மக்கள் குறைவில்லாமல் தருகிறார்கள். பிசியோதெரபிஸ்ட்டின் சம்பளத்துக்கு ஒருவரும் தருவதில்லை. இனி எந்த வழியைத் தேடுவது? (ஒரு வாசகி, திண்டுக்கல் மாவட்டம்)

பதில்: உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். நீங்கள் தேடும் வழியின் தொடக்கம், சாப்பாட்டைப் பற்றி நீங்கள் எழுதிய வரியிலேயே இருக்கிறது.

உங்கள் சமையலறைப் பக்கம் ஒரு மாதக் காலண்டர் தொங்கும் என்று நினைக்கிறேன். இத்தகைய இல்லங்கள் பலவற்றின் கணக்கை எழுதியவன் என்பதால் சொல்கிறேன். ஒவ்வொரு தேதிக் கட்டத்துக்குள்ளும் ஒரு பெயரும் கைபேசி எண்ணும் பேனாவால் எழுதப்பட்டிருக்கும். அதன் கீழே 'மகன் பிறந்தநாள்', 'அப்பா நினைவு நாள்' என்று ஒரு குறிப்பு. அந்தக் குடும்பம் வருகிறது, தன் கையால் பரிமாறுகிறது, ஒரு படம் எடுத்துக்கொண்டு ரசீதோடு போய்விடுகிறது. அடுத்த ஆண்டு அதே தேதி வரும்வரை நாம் அவர்களிடம் ஒரு வார்த்தை பேசுவதில்லை. ஆண்டு முழுவதும் கட்டங்கள் நிரம்புகின்றன என்றால், உங்களை ஏற்கெனவே நம்பிப் பணம் தந்த குடும்பங்கள் சில நூறு உங்கள் கைவசம் இருக்கின்றன.

சாப்பாட்டுக்கு ஏன் மனமுவந்து தருகிறார்கள்? அதைக் கண்ணால் பார்க்கிறார்கள். அதன் விலை அவர்களுக்குத் தெரியும். அந்த நாள் அவர்களுடையது. சம்பளத்துக்கு இந்த மூன்றும் இல்லை. அவற்றை நாம்தான் உண்டாக்கித் தரவேண்டும். பிசியோதெரபிஸ்ட்டின் மாதச் சம்பளம் 25,200 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், குழந்தை ஒன்றுக்கு மாதம் 600 ரூபாய் ஆகிறது. "எங்கள் நிறுவனத்துக்கு உதவுங்கள்" என்பதைவிட, "ஒரு குழந்தையின் ஒரு மாதப் பயிற்சிக்கு 600 ரூபாய்" என்பது கேட்பவர் மனத்தில் நிற்கும். சிறப்பாசிரியர், வாகனம், மின்கட்டணம் ஆகியவற்றுக்கும் இப்படியே கணக்கிட்டு ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

பரிமாற வருகிறவர்களைப் பகல் பன்னிரண்டரைக்கு வரச் சொல்லாதீர்கள். பத்து மணிக்கு வரச் சொல்லுங்கள். நான் கணக்கு எழுதிய ஒரு மையத்தில், தாயாரின் நினைவு நாளுக்காக முன்கூட்டியே வந்துவிட்ட ஒருவர், வேறு இடமில்லாமல் பயிற்சி அறையின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். ஏழு வயதுப் பெண் குழந்தை ஒன்று இணைகம்பிகளைப் பிடித்தபடி நான்கு அடி நடந்து, ஐந்தாவது அடியில் தடுமாறி, பயிற்சியாளரின் கையில் சாய்ந்துவிட்டுச் சிரித்தது. சாப்பாடு முடிந்ததும் அந்த மனிதர் அலுவலகத்துக்கு வந்து, "அந்தப் பயிற்சி கொடுக்கும் அம்மாவுக்கு யார் சம்பளம் தருகிறார்கள்?" என்று கேட்டார். அதன்பின் மாதந்தோறும் அவர் பணம் வந்துகொண்டிருந்தது.

சிறிய தொகையைப் பலரிடமிருந்து இடைவிடாமல் சேர்ப்பது நம் ஊருக்குப் புதிதன்று. உலையில் போடும் அரிசியில் ஒரு பிடியைத் தனிப் பானையில் எடுத்து வைத்துக் கோயிலுக்கும் தேவாலயத்துக்கும் கொடுத்த பிடியரிசி வழக்கத்தை நம் பாட்டிமார் அறிவார்கள். விருதுநகர் வணிகர்கள் ஒவ்வொரு வியாபாரத்திலும் சிறு பங்கை மகமையாக ஒதுக்கி, அந்தப் பணத்தில் 1889-இலேயே சத்திரிய வித்தியாசாலை என்ற பள்ளியைத் தொடங்கினார்கள். பெருந்தனக்காரர் ஒருவர் கைவிட்டாலும் அத்தகைய பள்ளி நின்றுபோகாது. இன்று யுபிஐ ஆட்டோபே வசதியால், ஒருமுறை ஒப்புதல் தந்தவரின் கணக்கிலிருந்து மாதாமாதம் தொகை தானாகவே வந்துவிடும். 300 குடும்பங்கள் 600 ரூபாய் வீதம் தந்தால் மாதம் 1,80,000 ரூபாய்.

நன்கொடை தருகிறவருக்கு வருமான வரியில் கிடைக்கும், 80ஜி என்று நாம் பழகிய சலுகைக்கு உங்கள் அமைப்புக்கு முறையான பதிவு இருக்க வேண்டும். 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகத் தரும் நன்கொடைக்கு அந்தச் சலுகை இல்லை. நன்கொடையாளர் விவரங்களை மே 31-க்குள் வருமான வரித் துறைக்குத் தாக்கல் செய்தால்தான் அவர்களுக்கு உரிய சான்றிதழைத் தர முடியும். 2026 ஏப்ரல் முதல் புதிய வருமான வரிச் சட்டத்தின்படி பிரிவு எண்கள் மாறுவதால், ஆடிட்டரிடம் கேட்டு ரசீதுப் புத்தகத்தைத் திருத்தி அச்சிடுங்கள். ஆனால் கழிவுகளைக் குறைத்து வரி விகிதத்தையும் குறைத்த 'புதிய வரிமுறை'யைத் தேர்ந்தெடுத்த சம்பளக்காரர்களுக்கு இந்தச் சலுகையே கிடையாது என்பதால், அதை மட்டும் காட்டிக் கேட்பது இனிப் பலன் தராது.

இவையெல்லாம் வரும் மார்ச்சுக்குள் முடியாது. இரண்டு ஆண்டுகளாவது பிடிக்கும். ஆகவே இன்றே அந்த வெளிநாட்டு நிறுவனத்துக்கு எழுதி, உதவியை ஒரேயடியாக நிறுத்தாமல் முதல் ஆண்டு பாதி, அடுத்த ஆண்டு கால் பங்கு என்று குறைக்க முடியுமா என்று கேளுங்கள். கூச்சப்படாதீர்கள். பதினாறு ஆண்டு உறவில் அதைக் கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு.

கேள்வி: பெரிய கம்பெனிகளின் சிஎஸ்ஆர் என்னும் சமூகப் பொறுப்பு நிதிக்காக மூன்று ஆண்டுகளாக விண்ணப்பம் அனுப்புகிறோம். ஒரு பதிலும் வரவில்லை. எங்கே தவறு செய்கிறோம்? (ஒரு வாசகர், ஈரோடு)

பதில்: 'பெரிய' என்ற சொல்லில்தான் தவறு இருப்பதாக எனக்குப் படுகிறது. நிகர மதிப்பு 500 கோடி ரூபாயோ, விற்றுமுதல் 1,000 கோடி ரூபாயோ, நிகர லாபம் 5 கோடி ரூபாயோ, இவற்றில் ஒன்றை எட்டினாலும் அந்த நிறுவனம், முந்தைய மூன்று ஆண்டுகளின் சராசரி லாபத்தில் 2 விழுக்காட்டைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும் என்கிறது 2013-ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டம். சராசரியாக 5 கோடி லாபம் பார்க்கும் ஒரு நூற்பாலை 10 லட்சம் ரூபாய் செலவிட வேண்டும் என்று பொருள். செலவிட வேண்டிய தொகை 50 லட்சத்தைத் தாண்டாத நிறுவனத்துக்குத் தனிக்குழு அமைக்கும் கட்டாயம் இல்லை, இயக்குநர்களே முடிவெடுக்கலாம். அவர்கள் உங்கள் ஊர்க்காரர்கள். தாம் இயங்கும் பகுதிக்கு முன்னுரிமை தரவேண்டும் என்று சட்டமே சொல்கிறது. மும்பைக்கு அனுப்பும் விண்ணப்பம் ஆயிரத்தில் ஒன்றாகக் கிடக்கும். பெருந்துறையில் இருக்கும் முதலாளியை நேரில் போய்ப் பார்க்கலாம்.

உங்களிடம் இந்த நிதியைப் பெறுவதற்கான சிஎஸ்ஆர்-1 பதிவும், குறைந்தது மூன்று ஆண்டுச் செயல்பாட்டுக்குச் சான்றும் இருக்க வேண்டும். பிப்ரவரியில் போகாதீர்கள், ஆண்டுத் திட்டம் உருவாகும் ஏப்ரல், மே மாதங்களில் போங்கள். கையில் இருபது பக்க அறிக்கை வேண்டாம். என்ன செய்வோம், எத்தனை பேருக்கு, எவ்வளவு செலவாகும் என்று இரண்டு பக்கம் போதும். இந்தப் பணம் பெரும்பாலும் திட்டத்தோடு வந்து திட்டத்தோடு போய்விடும். கட்டடம், கருவி, பயிற்சி போன்றவற்றுக்கு ஏற்றது. ஆண்டுதோறும் தரவேண்டிய சம்பளத்தை இதை நம்பி ஏற்றுக்கொண்டால், வெளிநாட்டுப் பணத்தை நம்பியவர்களின் நிலையே மறுபடியும் வரும்.

கேள்வி: எங்கள் அறக்கட்டளையில் பெண்கள் பனையோலைப் பெட்டி முடைகிறார்கள். அதை விற்கலாம் என்கிறார் ஒருவர். மாலைநேர வகுப்புக்கு வசதியுள்ளவர்களிடம் கட்டணம் வாங்கலாம் என்கிறார் இன்னொருவர். தொண்டு என்று சொல்லிவிட்டுக் காசு வாங்குவது முறையா என்று மற்ற அறங்காவலர்கள் தயங்குகிறார்கள். (ஒரு வாசகி, ராமநாதபுரம் மாவட்டம்)

பதில்: அந்தத் தயக்கத்தை நான் மதிக்கிறேன்; ஆயினும் அதற்கு மதுரையிலேயே பதில் இருக்கிறது. டாக்டர் கோ. வெங்கடசாமி 1976-இல் 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, கட்டணம் தரக்கூடியவர்களிடம் வாங்கி, தர முடியாதவர்களுக்கு இலவசமாகவோ மிகக் குறைந்த கட்டணத்திலோ சிகிச்சை அளித்து வளர்ந்தது. கண்ணுக்குள் பொருத்தும் லென்சின் விலை ஏழைகளுக்கு எட்டாதபோது, 1992-இல் ஆரோலேப் என்ற அமைப்பின் வழியே அதையும் அங்கேயே தயாரித்தார்கள். சிகிச்சை நன்றாக இருப்பதால்தான் பணம் தருகிறவர்கள் அங்கே போகிறார்கள். உங்கள் வகுப்புக்கும் இதையே சொல்வேன். கட்டணம் தரும் பிள்ளையும் தராத பிள்ளையும் ஒரே பாயில் உட்கார வேண்டும். யார் தந்தார், யார் தரவில்லை என்பது அலுவலகப் பதிவேட்டைத் தவிர வேறெங்கும் தெரியக் கூடாது.

பெட்டி விற்பனையில் ஒரு கவனம் வேண்டும். இரக்கப்பட்டு வாங்குகிறவர் ஒருமுறைதான் வாங்குவார். கல்யாண வீடுகளில் தாம்பூலப் பைக்குப் பதிலாக ஓலைப் பெட்டி கொடுக்கும் பழக்கம் பரவி வருகிறது. முகூர்த்த மாதங்களுக்கு முன்பே மண்டபங்களுக்கும் சமையல் ஒப்பந்தக்காரர்களுக்கும் மாதிரி கொண்டு போங்கள். மூடி சரியாகப் பொருந்த வேண்டும். ஓரத்தில் ஓலை பிசிறக் கூடாது. ஐநூறு பெட்டியும் ஒரே அளவில் இருக்க வேண்டும். பாதித் தொகையை முன்பணமாக வாங்கிக்கொண்டே வேலையைத் தொடங்குங்கள். பெண்களின் கூலியை நீக்கிய பிறகு மிஞ்சுவதுதான் அறக்கட்டளையின் வருமானம். கூலியைக் குறைத்து மிச்சம் காட்டுவது எந்த வகையிலும் நியாயமாகாது.

சட்டப்படி, இத்தகைய தொழில் உங்கள் அறக்கட்டளையின் நோக்கத்துக்குத் துணையானதாக இருக்க வேண்டும். அதற்குத் தனிக் கணக்கேடு வேண்டும். ஏழைகளுக்கு உதவி, கல்வி, மருத்துவம் போன்ற நோக்கங்களில் அடங்காமல், பொதுமக்கள் நலன் என்ற பொதுவான வகையில் மட்டும் அடங்கும் அமைப்பு என்றால், வணிக வரவு மொத்த வரவில் 20 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. நீங்கள் எந்த வகை என்பதை ஆடிட்டரிடம் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொண்டு, பிறகு முதல் பெட்டியை விற்பனைக்கு வையுங்கள்.

கேள்வி: நன்கொடைப் பணத்தை முழுவதும் அந்தந்த ஆண்டே செலவழித்துவிட வேண்டும் என்பதால் எங்களால் எதுவும் சேமிக்க முடியவில்லை. இது சரிதானா? (ஒரு வாசகர், தஞ்சாவூர்)

பதில்: சரியன்று, பல அறக்கட்டளைகளை வறுமையிலேயே வைத்திருக்கும் தவறான நம்பிக்கை இது. வரிவிலக்குப் பதிவு பெற்ற அமைப்பு வருமானத்தில் 85 விழுக்காட்டைத் தன் நோக்கங்களுக்குச் செலவிட வேண்டும். மீதி 15 விழுக்காட்டைச் சேர்த்து வைக்கச் சட்டம் அனுமதிக்கிறது. நன்கொடையாளர் ஒருவர் "இதை மூலநிதியாக வையுங்கள்" என்று எழுதிக் கொடுத்தால், அதைச் சட்டம் அனுமதித்த முதலீடுகளில் தனியாக வைத்து, வட்டியை மட்டும் செலவிடலாம். வாய்மொழியாகச் சொன்னது போதாது, கடிதம் வேண்டும். முதலில் ஆறு மாதச் சம்பளத்துக்கு ஈடான சேமிப்பை இலக்காக வைத்து, அடுத்த அறங்காவலர் கூட்டத்திலேயே அதைத் தீர்மானமாக எழுதுங்கள்.